கேட்டருகே நின்று தலை எண்ணிய கிருபாம்மா

போன வாரம் ஒரு நாள் காலையில் கிருபாம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், "கிருபாம்மா, தசரா லீவுக்கு நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம். இந்த வாட்டியும் ஆத்தைப் பார்த்த ரூம்தான்!" என்று மூச்சுவிடாமல் பேசிவிட்டேன். மறுமுனையில் இருந்தது அவருடைய மகன். "அம்மா விடிகாலையில போய்ட்டாங்கண்ணா" என்றார். இழவு சொல்ல வந்தவரிடம் ரூம் கேட்ட மனிதன் நான். கிருபாம்மா இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

நாகலாபுரத்துக்கு அப்பால், ஆரணி ஆற்றங்கரையில், ராயர் காலத்துக் கல்மண்டபம் இருக்கிற சிற்றூரில் அவருடைய பழைய மிஷன் வீடு. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதை லீவுக்கு வருகிற குடும்பங்களுக்கு விடத் தொடங்கினார். நாயையும் அழைத்து வரலாம் என்று சொன்ன வீடு, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஏன் என்று கேட்டேன். "நாய் வாணாம்னு சொன்னா, அதுக்கு சோறு வெக்க ஒருத்தர் வூட்ல நின்னுடுவாங்க. நிக்கறது எப்பவும் பொம்பளதான். அப்புறம் இன்னா லீவு அது?" என்றார்.

அங்கே தங்கிய உங்கள் எல்லோருக்கும் அந்த நோட்டைத் தெரியும். வந்ததும் தலைகளை எண்ணி எழுதுவார். நாயும் ஒரு தலை. கிளம்பும்போது கேட்டருகே நின்று மறுபடி எண்ணுவார். ஆற்றங்கரை ஊர், பிள்ளைகள் எங்கே இறங்குவார்கள் என்று சொல்ல முடியாது. "வந்த தல அத்தினியும் திரும்பிப் போவணும்" என்பார். எங்கள் பெயருக்கு நேரே ஐந்து என்று எழுதினார்: நான், மனைவி, மகள் கீர்த்தி, சின்னவன், எங்கள் நாய் பூரி.

அந்த முதல் தடவை நான் லீவுக்காக மட்டும் போகவில்லை. வரதய்யபாளையத்திலிருந்து திருப்பதிக்கு வீடு மாற்ற இருந்தோம். பார்த்து வைத்த வீட்டுக்காரர், "குக்க ஒத்து" என்று நாயை மட்டும் வேண்டாமென்றுவிட்டார். பிள்ளைகளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கிருபாம்மா நாய்மேல் பிரியமுள்ளவர், இங்கேயே விட்டால் பூரி பிழைத்துக்கொள்ளும் என்று பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் மூளை முடிவு செய்தது. கிளம்புகிற காலையில், வண்டியைத் துரத்தி வராதபடி பூரியை மண்டபத்துத் தூணில் கட்டினேன். திரும்பி வந்து, எங்கேயோ ஓடிவிட்டது என்றேன். கீர்த்தி அழ ஆரம்பித்தாள்.

கிருபாம்மா கேட்டைத் திறக்கவில்லை. "நாலு தலதான் கீது" என்றார். என்னை மட்டும் சமையலறைக்கு அழைத்துப் போய், கதவுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த கட்டைப் பையைக் காட்டினார். பூரியின் தட்டு, அது படுக்கும் கோணி, ஊசி போட்ட அட்டை.

"ரெண்டு நாள் லீவுக்கு ஊசி அட்டைய எதுக்கு நைனா தூக்கிக்கினு வந்த?"

நான் பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.

"எங்க கட்டிக்கிற?"

"மண்டபத்துல."

"போய் அவுத்துக்கினு வா. பசங்க கைல நான் பேசிக்கிறேன்."

பூரியோடு திரும்பியபோது பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "உங்க நைனா நாய நடக்க கூட்டிக்கினு போயி, தூண்ல கட்டிட்டு மறந்துட்டு வந்துக்கிறாரு! இந்தாள நம்பி ஆத்துல எறங்காதீங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஐந்து தலையையும் எண்ணி, கேட்டைத் திறந்தார்.

திருப்பதியில் வேறு வீடு பிடித்தோம். மொட்டை மாடியில் தகரக் கூரை. கோடையில் ஐந்து பேரும் ஒன்றாக வேகிறோம். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் மறதி மாமா. ஒவ்வொரு வருடமும் போனோம். கிருபாம்மா அந்தப் பேச்சை ஒருமுறைகூட எடுத்ததில்லை. நாங்கள் இறங்கும்போது என் கையிலிருக்கும் பையை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்.

அடக்க ஆராதனையில் கீர்த்தி எழுந்து, அப்பா நாயை மறந்த கதையைச் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று போதகர் கூப்பிட்டார். தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டருகே யாரும் இல்லை. நானே எண்ணினேன். கூட வந்திருந்த பூரியையும் சேர்த்து ஐந்து. இப்போது பஸ் ஏறும்போதும் கல்யாண வீட்டிலும்கூட எண்ணுகிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு பழக்கம்தான். போதகர் கூப்பிட்டபோது எழுந்திருந்தால், ஒரே ஒரு வரிதான் சொல்ல வேண்டியிருந்தது: பூரியை அன்று நான் மறந்துவிட்டு வரவில்லை, வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன்.