மயிலாப்பூர் டப்பாவில் ஓர் ஆட்டு இதயம்

1. நவராத்திரி முடிந்த பின் வந்த சனிக்கிழமை காலை, மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கினேன்.

2. வீட்டில் அதைக் கழுவி, கைக்கு அகப்பட்ட ஓர் எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினேன்.

3. மயிலாப்பூரில் என் மாணவி நித்யாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, டப்பாவைத் திறந்தேன்.

4. நித்யாவின் அம்மா ஜானகி மாமி எனக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.

5. காப்பி மேசை வரை வரவில்லை.

6. அன்று மாலைக்குள், அந்தக் கட்டடத்தில் என்னிடம் படித்த மூன்று பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

எண் போட்டு எழுதினால் எந்த விபத்தும் ஆய்வுகூடக் குறிப்பைப் போல ஆகிவிடுகிறது. ஆனால் என் சொந்த ஊரான திருகோணமலையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று புரியாது. சென்னைக்காரர்களுக்கோ மூன்றாவதை நான் எப்படிச் செய்தேன் என்பதே புரியாது. இருவருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

நான் உயிர் இரசாயனவியல் படித்தவள். சென்னைக்காரரான செல்வத்தைக் கலியாணம் செய்து இங்கே வந்தேன். என் இலங்கைப் பட்டத்துக்கு இங்கே சமானச் சான்று வந்தால்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம். அது வரும்வரை, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய் பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். இந்தத் தொழிலுக்கு விளம்பரம் கிடையாது. ஒரு வீட்டு அம்மா இன்னொரு வீட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும். எனக்காக அப்படிச் சொன்னவர் ஜானகி மாமி. அந்தக் கட்டடத்தின் மற்ற இரண்டு கதவுகளும் அவர் வாயால் திறந்தவை.

நம் ஊரில் ரியூசன் என்றால் கொட்டில். தகரக் கூரை, வாங்கு என்று நாங்கள் சொல்லும் நீளமான பெஞ்சுகள், கடற்காற்றில் படபடக்கும் தாள்கள், நூறு பேர். இங்கே சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளையும் நானும் மட்டும். மேசையின் ஓரத்தில் நித்யாவின் அப்பாவுடைய மாத்திரைப் பெட்டி. போன வருடம் அவருக்கு பைபாஸ் நடந்தது. இப்போது காலையில் பார்க்கில் நடக்கிறார். சமையலறைக்குள் இருந்து தாளித்த வாசனை வரும். மாமியின் காது எங்கள் பக்கமே இருக்கும். தொடக்கத்தில் சோணையறை, இதயவறை என்று என் வாயில் வந்ததையெல்லாம் நித்யா ஏட்ரியம், வென்ட்ரிக்கிள் என்று திருத்திக்கொண்டாள். அதில் எங்களுக்குள் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் வேறு. நித்யா இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தைப் புத்தகத்தில் உள்ளதைவிட அழகாக வரைவாள். ஒரு பெயரும் விடுபடாது. ஒருநாள் படத்தைக் காட்டி, "இடது வென்ட்ரிக்கிளின் சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு?" என்று கேட்டேன்.

"புக்ல அப்படித்தான் மிஸ் போட்டிருக்கு."

"சரி. இடது பக்கம் ஏன் தாளில் வலது பக்கம் இருக்கு?"

அவள் படத்தையே பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். "அதான் மிஸ், எனக்கும் தெரியலை. ஸ்கூல்ல கேட்டா புக் பேக்குல அது இல்லேன்னுடுவா."

புக் பேக் என்பது பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகள். இந்த ஊரில் ஒரு கேள்வி அங்கே இல்லை என்றால் அது உலகத்திலேயே இல்லை.

அந்த நிமிடம் எனக்குக் கொட்டில் ஞாபகம் வந்தது. இதயப் பாடத்தன்று நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, சந்தையில் மாட்டு இதயம் ஒன்று வாங்கி வருவோம். அது வாங்கு வாங்காகக் கைமாறும். மேலே உள்ள பெருங்குழாயில் பென்சிலை விட்டால் எந்த அறைக்குள் போய் முட்டுகிறது என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். விரலை உள்ளே விட்டுச் சுவரை அழுத்திப் பார்த்தவர் எவரும் அதற்குப் பிறகு இடது, வலது பிழைவிட்டதில்லை. வகுப்பு முடிந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. படிப்பிப்பது என்றால் அதுதான் என்று என் கைக்குப் பதிந்திருந்தது. மாட்டுக்குப் பதில் ஆடு என்று நினைத்ததே பெரிய முன்யோசனை என்று எண்ணிக்கொண்டேன்.

கறிக்கடை பாய், "இன்னாக்கா, வறுவலா? துண்டு போட்டுர்லாமா?" என்று கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க. மேலே இருக்கிற குழாய் எல்லாம் அப்படியே வேணும். படிக்கிறதுக்கு."

"ஆட்டாண்ட இன்னாக்கா படிப்பு?" என்றார். ஆனாலும் குழாய்களை நீளமாக விட்டே அறுத்துக் கொடுத்தார்.

இனி நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில். மாமி முதலில் பார்த்தது இதயத்தை அல்ல, பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த மூடியை. இந்த ஊரில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவார்கள். கடையிலேயே, சிறு கருவியால் புள்ளி புள்ளியாக. எங்கள் அம்மா பாத்திரத்தின் அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பதோடு சரி. அதனால் மூடிகளில் உள்ள எழுத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த மூடியில் 'ர. ஜானகி' என்று இருந்தது. கொலுவுக்குப் போனபோது மாமி எனக்குச் சுண்டல் கொடுத்தனுப்பிய டப்பா அது.

"இது எங்காத்து டப்பான்னா?" என்றார். பிறகுதான் உள்ளே இருந்ததைப் பார்த்தார். "பகவானே! என்னடீ இது நித்யா?"

"ஹார்ட்மா. ஆட்டோடது. மிஸ் கொண்டுவந்தா."

"சாப்பிடற மேஜைலயா? எடுங்கோ, எடுங்கோ, மொதல்ல எடுங்கோ!"

மாமி கத்தவில்லை. காப்பி டம்ளரோடு அப்படியே பின்னால் நகர்ந்தார், அவ்வளவுதான். நான் மூடியை மூடி, செய்தித்தாளைச் சுருட்டி, படி இறங்கினேன். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வீட்டில் செல்வம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? முட்டை எடுத்துக்கினு போனாலே கதவைச் சாத்துவாங்க. நீ நேரா ஹார்ட்டையே எடுத்துக்கினு போயிருக்க, அதுவும் அவங்க டப்பாவுல!" பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்குள் மற்ற இரண்டு வீடுகளில் இருந்தும் வாட்ஸாப் வந்துவிட்டது. அடுத்த வாரத்தில் இருந்து வர வேண்டாம் மிஸ். மயிலாப்பூர் போனால் அபிராமபுரமும் போகும். இவர்களுடைய சொந்தக்காரர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். சான்று இல்லாத எனக்கு அந்த வாய்ச்சொல்லைத் தவிர இந்த ஊரில் வேறு அத்தாட்சி கிடையாது.

மாலையில் மாமிக்கு போன் செய்தேன். "டப்பாவைப் பார்க்காமல் எடுத்தது என் பிழை மாமி. சாப்பிடுகிற இடத்தில் வைத்ததும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், இனி இப்படியெல்லாம் கொண்டுவரமாட்டேன் என்று சொல்லியிருந்தால், அன்றே எல்லாம் சரியாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. டப்பாவுக்கும் மேசைக்கும் மன்னிப்புக் கேட்கலாம். இதயத்துக்கு எப்படிக் கேட்பது? அது பாடம்.

பத்துப் பதினைந்து நாள் சத்தமில்லை. நான் வேறு வீடுகள் தேடி அடையாறு வரை பஸ்ஸில் அலைந்தேன். பிறகு ஒரு காலை மாமியே கூப்பிட்டார்.

"கோச்சிங் சென்டர்ல சேர்த்தேன். ரெண்டு நாள் போனா. மூணாம் நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு உக்காந்துட்டா. அங்க யாரும் ஏன்னு கேக்க விடறதில்லையாம். அன்னிக்கு மூடினதைப் பாக்காம விடமாட்டேங்கறா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்காத்துல வேண்டாம். உங்காத்துல காட்டுவேளா? நானும் கூட வருவேன்."

மீண்டும் பாயிடம் போனேன். அடுத்த சனிக்கிழமை இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எங்கள் கூடத்தில் பழைய பலகை ஒன்றை வைத்து, அதன் மேல் இதயத்தை வைத்திருந்தேன். மாமி ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தலைப்பால் மூக்கை மூடி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். நித்யா கையுறை போட்டு, இதயத்தைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, தன் இடது எது, அதன் இடது எது என்று முதலில் நிச்சயித்துக்கொண்டாள். பென்சிலை விட்டாள். நான் வெட்டித் திறந்ததும் விரலால் அழுத்தினாள்.

"மிஸ்! இந்தப் பக்கம் எவ்ளோ கெட்டியா இருக்கு! ஒடம்பு முழுக்கத் தள்ளணும்ல, அதனாலயா? அந்தப் பக்கம் லங்ஸுக்கு மட்டும்தான், கிட்டக்க. அதான் மெல்லிசு!"

நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து, திரும்பாமலே, மாமி கேட்டார். "நித்யா அப்பாவுக்கு அடைச்சுதே, அது இதுல எங்க இருக்கு?"

வெட்டித் திறந்ததை மூடித் திருப்பி, வெளிப்புறத்தில் கொழுப்புக்குள் ஓடும் மெல்லிய குழாயைப் பென்சில் நுனியால் காட்டினேன். மாமி எழுந்து வந்தார். பலகைக்கு ஓரடி தள்ளி நின்று குனிந்தார்.

"இத்தனூண்டா?"

"ஓம் மாமி. ஆட்டுக்கு இவ்வளவு. எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை."

"டாக்டர் படம் போட்டுக் காமிச்சார். நான் பாட்டுக்குத் தலையை ஆட்டிண்டு கையெழுத்துப் போட்டேன். எதுக்குப் போடறேன்னே தெரியலை அன்னிக்கு." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். தலைப்பு மூக்கில் இருந்து எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. "சரி, போறும், மூடுங்கோ. நாங்க போய்த் தலைக்கு விட்டுக்கணும்." வாசலில் செருப்பு மாட்டும்போது, "செவ்வாய்க்கிழமை கெமிஸ்ட்ரிக்கு வந்துடுங்கோ. அந்த டப்பா மட்டும் எனக்கு வேண்டாம்" என்றார்.

பட்டமளிப்பு நாளில்கூட நான் இவ்வளவு நிமிர்ந்து நின்றதாக ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் அதே அளவில் புது டப்பா வாங்கினேன். பெயர் வெட்டுபவர் கருவியை எடுத்து, "இன்னா பேருக்கா?" என்றார்.

"ர. ஜானகி."

"நீங்களா?"

"இல்லை, அவங்க மயிலாப்பூர்."

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க, கையோட போட்டுத் தரேன். எந்த ஊரு?"

"மேற்கு மாம்பலம்."

"பேச்சு அப்டி இல்லியே" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, ஒன்று போதும் என்றேன். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது திருகோணமலையில் என் அம்மாவின் பழக்கம். சீனி நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்றைய நிலை இது. கட்டடத்தில் நின்றுபோன மூவரில் நித்யாவும் இன்னொரு பிள்ளையும் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை கோச்சிங் சென்டரிலேயே இருக்கிறான். கெமிஸ்ட்ரி மயிலாப்பூரில், அறுத்துப் பார்க்கும் இதயமும் மீனும் மேற்கு மாம்பலத்தில். சமானச் சான்று இன்னும் வரவில்லை. என் சமையலறையில் ஆட்டு இதயத்துக்கு ஒரு டப்பா இருக்கிறது, மயிலாப்பூரில் சுண்டலுக்கு ஒரு டப்பா இருக்கிறது. இரண்டிலும் ஜானகி மாமியின் பெயர். என் பெயர் வெட்டிய பாத்திரம் இந்த ஊரில் இன்னும் இல்லை.