கோடு போட்ட மரங்கள்

லண்டனில், ஸ்ட்ரெதமில், எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இருந்தார். வெள்ளைக்கார அம்மா. கோடை வந்தால் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பிரான்சிலோ இத்தாலியிலோ ஏதாவது மலைக்காட்டுக்குள் நடக்கப் போய்விடுவார். ஒரு மனிசர் காசு செலவழித்துக் காட்டுக்குள் ஏன் நடக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்காத விஷயம். நானும் ஒருமுறை, களவாக எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிவிட்டு அப்படிப்பட்ட காட்டுக்குள் நடந்தவன்தான். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் எடுத்த படங்களைப் பார்க்க வரச்சொல்லி அக்காவையும் என்னையும் தேநீருக்கு அழைத்தார். அக்கா ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, மெஷினில் ஒவ்வொரு படமாகப் போட்டுக் காட்டினார் அந்த அம்மா. செஸ்ட்நட் மரங்கள், பாசி பிடித்த கற்கள், தூரத்தில் ஓட்டுக்கூரைகளும் ஒரு தேவாலயக் கோபுரமும். இத்தாலிக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கிற மலை என்றார். நான் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன்.

அடுத்த படத்தில் ஒரு மரம் வந்தது. கழுத்தளவு உயரத்தில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைக் கோடுகள். அதைக் காட்டி அந்த அம்மா வகுப்பெடுப்பது போலவே விளக்கினார். ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோடு இருந்தால் நீ சரியான பாதையில் போகிறாய், குறுக்கே வெட்டியிருந்தால் இது வழியில்லை, திரும்பு. அந்த ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் மலையேறி வந்து கோடுகளுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பார்களாம், புதிதாக வருகிற யாரும் வழிதவறக் கூடாது என்று.

அக்கா என் பக்கம் திரும்பி, "நீங்கள் வந்த பாதையிலயும் இப்பிடிக் கோடு இருந்ததோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஒன்பது வருடமாகப் பொய் சொல்லி எனக்கு நாக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அக்கா எண்பத்துநாலில், விசா கேட்காத காலத்திலேயே, லண்டனுக்கு வந்துவிட்டாள். அவளுடைய புருஷன், அத்தானும் நானும் வெளிக்கிடுவதற்குள் சட்டம் மாறிவிட்டது. அதனால் எங்களுக்கு வாய்த்தது இத்தாலி வழி. எண்பத்தாறு ஒக்டோபர் முடிவில், ஒரு விடியற்காலை, ஏஜென்சிக்காரனின் ஆள் எங்களை ஒரு மலையடியில் இறக்கிவிட்டான். அந்தப் பக்கம் இறங்கினால் பிரான்ஸ், றோட்டில் கார் நிற்கும் என்றான். எங்களோடு வந்த மற்ற நாலு பேரும் விறுவிறென்று முன்னே போய்விட்டார்கள். அத்தான் மெல்ல நடக்கிற மனிசன். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவர். எதையும் நின்று பார்த்துத்தான் நகருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும்.

பனிப்புகார் இறங்கிய பிறகுதான் அந்தக் கோடுகளைக் கண்டோம், மரத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளிக் கல்லில் ஒன்று. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் பதுங்கினேன். எங்கள் ஊர் ஆமி முகாமைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையும் பூசிய பீப்பாய்களை வைத்திருந்தார்கள். அவற்றைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு போக வேண்டும். தாண்டினால் சூடு. என் வகுப்பில் படித்த ஒருவன் அப்படித்தான் செத்தான். சிவப்பும் வெள்ளையும் என்றால் எல்லை, காவல், துவக்கு. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அத்தான் கிட்டப் போய்ப் பெயிண்டைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இது நடக்கிற ஆக்களுக்குப் போட்ட அடையாளம் போலக் கிடக்கு. இதைப் பிடிச்சுக்கொண்டு போனால் ஒரு ஊர் வரும்."

பேசாமல் வாங்கோ என்று நான் அவர்மேல் சீறினேன். உங்களுக்குக் கந்தோர்ப் புத்தி, இது ஆமிக்காரரின் வேலை என்றேன். எனக்கு இருபத்துமூன்று வயது, எல்லாம் தெரியும். அத்தான் சண்டை பிடிக்கிறவர் இல்லை. கோடுகளை விட்டு விலகி, ஓடை வழியே சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். மழையும் பிடித்துக்கொண்டது. ஓடைக்குள் கல் புரண்டு அத்தானின் கால் முறிந்தது. முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

தூக்கிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு பாறைக்குக் கீழே இருத்தி, என் ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்று மணி நேரம் கழித்து றோட்டுக்கு வந்தபோது கார் நின்றது, சாரதியிடம் நடந்ததைச் சொன்னேன். சாரதி மேலே பார்க்கக்கூட இல்லை. பிறகு ஆள் அனுப்புவோம், இப்போது நின்றால் எல்லாரும் பிடிபடுவோம் என்றான். நான் ஏறினேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, நானாகத்தான் ஏறினேன்.

லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அத்தானைப் பொலிஸ் பிடித்துவிட்டது, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அது. இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் இரண்டு மாதமானது. ஏஜென்சிக்காரனைத் தேடினால் ஆளே இல்லை. பொலிசுக்குப் போனால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பயம் போனபோது வெட்கம் வந்துவிட்டது.

பொலிஸ் பிடித்த ஆள் ஏன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை? பக்கத்து டூட்டிங் பகுதி மளிகைக் கடைகளில் எங்கள் சனம் அதற்குப் பதில் கண்டுபிடித்தது. ஆள் அங்கேயே ஒரு வெள்ளைக்காரியோடு குடும்பமாகிவிட்டதாம். ஒரு கலியாண வீட்டில் பாரிசிலிருந்து வந்த ஒருவர், அத்தானை ரயிலில் ஒரு குழந்தையோடு கண்டதாக அக்காவுக்கு முன்னாலேயே சொன்னார். அதே மேசையில் நான் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா தாலிக்கொடியைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவள் அழவில்லை. அன்று முதல் அத்தானை 'அந்தாள்' என்றுதான் சொன்னாள். உலகத்தில் ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனிசனை நான் ஓடிப்போனவனாக்கிவிட்டேன்.

படங்கள் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அக்கா சொன்னாள், இப்படி வழிக்கு வழி கோடு போட்டிருக்கிற நாட்டில், வர மனமிருந்தால் அந்தாள் எப்பவோ வந்திருக்கலாம் என்று. அதற்கு மேல் எனக்குத் தாங்க முடியவில்லை.

"அத்தானைப் பொலிஸ் பிடிக்கேல்லை அக்கா. நான்தான் விட்டிட்டு வந்தனான்."

குந்தியிருந்த படிக்கட்டிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, ஓடை, கால், கார். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவள் கையில் இருந்த சப்பாத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை," என்றாள்.

மேலே போய்ப் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். தாலியைத் திரும்பக் கழுத்தில் போட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "கோவத்தில கழட்டினது. முறையாக் கழட்ட வேணும்."

பக்கத்து வீட்டு அம்மாவிடம் மறுநாள் நானே போய்ச் சொன்னேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. வரைபடத்தை விரித்து, நான் நினைவிலிருந்து சொன்னதையெல்லாம் கேட்டு, மலையின் அந்தப் பக்கத்து ஊர்ச் சபைக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதினார். ஆறு வாரத்தில் பதில் வந்தது. எண்பத்தேழு வசந்த காலத்தில், காளான் பொறுக்கப் போனவர்கள் பெயர் தெரியாத ஒருவரின் உடலைக் கண்டெடுத்து ஊர்ச் சவக்காலையில் புதைத்திருந்தார்கள். பெரிய ஜாக்கெட் ஒன்று, அது என்னுடையது. சட்டைப் பையில் ஒரு பென்சில். உடல் இருந்த இடத்தையும் எழுதியிருந்தார்கள். ஓடைக்குள் அல்ல. மேலே, பாதையில், கோடு போட்ட ஒரு மரத்தடியில்.

முறிந்த காலோடு அத்தான் அந்தச் சரிவில் ஊர்ந்து ஏறியிருக்கிறார். நான் திரும்பி வரமாட்டேன் என்று தெரிந்து ஏறினாரா, வந்தால் கண்ணில் படட்டும் என்று ஏறினாரா, தெரியாது. இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

அடுத்த கோடையில் மூன்று பேரும் போனோம். அந்த அம்மா முன்னே, அக்கா நடுவில், நான் பின்னால். அக்கா சேலைக்கு மேல் ஒரு மழைக்கோட்டும் காலில் புதுச் சப்பாத்தும் போட்டிருந்தாள். வழியில் எதிர்ப்பட்ட நடைக்காரர்கள் வணக்கம் சொன்னார்கள், அக்காவும் தலையசைத்தாள். கடிதத்தில் குறித்திருந்த அந்த மரத்தடிக்கு வந்ததும் அவள் நின்றாள். பிறகு கொடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நெற்றிப் பொட்டைத் தானே அழித்தாள். அழுது முடித்த பிறகு மரத்தின் கோடுகளைத் தொட்டுப் பார்த்தாள். பெயிண்ட் புதிதாக இருந்தது.

"அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் தம்பி," என்றாள். இந்த விஷயத்தில் அவள் என்னைச் சொன்ன குறை அது ஒன்றுதான்.

அங்கிருந்து சவக்காலைக்கு இறங்கினோம். வழி நெடுகக் கோடுகள் இருந்தன, மரத்தில், கல்லில், ஒரு பழைய மதிலில். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், ஆனபடியால் இடைக்கிடை நின்று நின்றுதான் வந்தோம். அப்படி வந்தும் ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஊர் வந்துவிட்டது.