முழங்காலில் மாட்டிய தொப்பி

சிறுசேரியில் எங்கள் அலுவலக வாசலில் காவலுக்கு இருந்தவர், மடிப்புக் கலையாத சீருடையில் உட்கார்ந்து, கறுப்பு ஃபோம் ஷீட்டில் கடற்கொள்ளையன் தொப்பி செய்துகொண்டிருந்தார். மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, போனில் கேட்டாளாம். அவள் அம்மாவோடு படாளத்தில் இருந்தாள். அந்த வீட்டுப் படியை இவர் மிதிக்கக் கூடாது.

வெள்ளை மண்டையோட்டை ஒட்டிவிட்டார். தொப்பியைத் தன் முழங்காலில் மாட்டி மாட்டிப் பார்த்தார். பின்பக்கத்தை மட்டும் ஒட்டவில்லை.

"அதை ஏன் விட்டுட்டீங்க?" என்றேன்.

"கடைசியா பாத்தப்ப அவ தலை என் முட்டி அளவுதான் சார். மூணு வருசம் ஆயிடுச்சி, எவ்ளோ வளந்துகீதோ. உங்க வூட்டுப் பொண்ணுக்கும் ஏழு வயசுதான? அது தலை இன்னா அளவு இருக்கும்?"

தினமும் என் மகள் தூங்கிய பிறகுதான் நான் வீட்டுக்குப் போவேன். அளவு காட்ட இரண்டு கைகளையும் தூக்கினேன். எவ்வளவு விரிப்பதென்று தெரியவில்லை.