முதல் சீசனின் கடைசிப் பகுதி

என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: முதல் சீசனை அடிக்க ஆளில்லை. பிறகு வந்த சீசன்களில் சண்டையும் கூட, நிறமும் கூட, ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்ப்பது முதலாவதைத்தான். ஏனென்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் வாய் திறப்பதில்லை. அதன் பன்னிரண்டு பகுதிகளையும் நான் பெரியப்பாவோடு பார்த்தேன். சரியாகச் சொன்னால், பதினொன்றை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. யுத்தத்தில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த பெரியப்பாவும் பெரியம்மாவும் திருகோணமலை நகரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். ஒரு கிழமைக்கென்று வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. ஊரில் தோணி வைத்திருந்த பெரியப்பா இங்கே துறைமுகப் பக்கம் ஒரு கடையில் படகு எஞ்சின் திருத்தினார். அவர்களுடைய ஒரே மகன், எனக்கு அண்ணா, ஊரே ஓடிவந்த நாட்களில் காணாமல் போனவன். அலுமாரிக்கு மேலிருந்த படத்தில்தான் அவனை எனக்குத் தெரியும்.

தொடரை வகுப்புத் தோழி பென்டிரைவில் கொண்டுவந்து தந்தாள். கறுப்புப் படகுகளில் வந்தவர்கள் ஒரு கரையோர ஊரை எரித்து, ஒரு சின்னப் பெடியனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவனுடைய அக்கா வாளை எடுத்துக்கொண்டு தேடிப் புறப்படுகிறாள். பகுதிக்கு நாலு தலையாவது உருளும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பெரியப்பா, "இதென்ன பிள்ளை, பொம்மையள் வெட்டிக் குத்துதுகள்" என்று நக்கலடித்தபடி கதிரையில் குந்தினார். பத்து நிமிடத்தில், "அவளுக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியேல்ல, உந்தக் காத்துக்கு உப்பிடி வலிச்சா தோணி கவிழும்" என்று குறை பிடித்தார். அடுத்த நாள் எண்ணெய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பிளேன்டீயோடு எனக்கு முன்னமே வந்து இருந்தார்.

படத்தில் பேசுவது ஜப்பான் மொழி, கீழே ஓடுவது ஆங்கில எழுத்து. பெரியப்பாவுக்கு இரண்டும் தெரியாது. என் ஆங்கிலம் அரைகுறை, ஆனால் அதைக் கண்டுபிடிக்க வீட்டில் ஆளில்லை. நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், விளங்காத இடத்தில் சொந்தமாக அடித்துவிடுவேன். அவர் ஒரு வரியையும் விடமாட்டார். "என்ன சொல்றாள்? தம்பியைக் கண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமாமோ?" என்று கேட்டுக் கேட்டு, அரைமணிப் பகுதியை ஒரு மணித்தியாலம் இழுத்துவிடுவார். எனக்கு விசர் பிடிக்கும். தான் இல்லாமல் பார்க்கக் கூடாதென்று சத்தியம் வேறு வாங்கியிருந்தார்.

பன்னிரண்டாம் பகுதியன்று அவர் ஒரு எஞ்சின் வேலையில் மாட்டுப்பட்டு வரவில்லை. மறுநாள் பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் தனியே பார்த்துவிட்டேன். அக்கா தீவுக் கோட்டைக்குப் போய்ச் சிறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே ஒருவரும் இல்லை. அவ்வளவுதான், பாட்டுப் போகிறது. இப்படியும் ஒரு முடிவா என்று எனக்குச் சரியான கோபம்.

அடுத்த மத்தியானம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "போடு பிள்ளை" என்றார். பென்டிரைவைக் கொடுத்துவிட்டேன், பார்த்தும் முடித்துவிட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"சரி, சொல்லு. தம்பி கிடைச்சிட்டானோ?"

தெரியாது என்றால் கேள்வி முடியாது. வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப்போனான்."

"உடம்பைக் காட்டினவையோ?"

"இல்லை."

"அப்ப செத்தவன் எண்டு ஆர் சொன்னது?"

எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. அரசாங்கக் கந்தோர்க்காரர் ஒருவர் வந்து அக்காவிடம் ஒரு கடதாசியை நீட்டினார், அதில் எழுதியிருந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவள் கையெழுத்து வைச்சவளோ?"

"ஓம்."

பெரியப்பா பிளேன்டீயை முடிக்காமல் எழும்பிப் போனார். நான் விளையாட ஓடினேன்.

அடுத்த மாதம் அவரும் பெரியம்மாவும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு எங்கோ போய்வந்தார்கள். அன்று பின்னேரம் அண்ணாவின் படத்துக்குப் பெரியம்மா மாலை போட்டார். படம் வடிவாக இருக்கிறதென்று நான் நினைத்தேன். பெரியப்பா வருடக்கணக்காகக் கையெழுத்து வைக்க மறுத்து, அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்த, காணாமல் போனவர்களுக்கென்று அரசாங்கம் கொடுக்கும் மரணச் சான்றிதழ்க் கடதாசியைப் பற்றி நான் நன்றாக வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். வீட்டில் தணிந்த குரலில் கதைத்தது என் காதில் விழுந்துதான் எனக்கும் அந்தக் கடதாசி வாயில் வந்திருக்க வேண்டும். ஒரு கார்ட்டூனை நம்பி யாரும் மகனுக்குக் கையெழுத்து வைப்பார்களா என்று என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். மனம் ஆறவில்லை. இன்றைக்கு எனக்கு முதல் சீசன் பிடிப்பதும் அந்த வெறும் அறையால்தான். அவள் இன்னும் தேடலாம். அதைப் பெரியப்பாவிடம் உள்ளபடி சொல்லியிருந்தால் போதும்.

இரண்டாவது சீசன் வர மூன்று வருடமாயிற்று. அதற்குள் பெரியப்பாவும் பெரியம்மாவும் சம்பூருக்குத் திரும்பியிருந்தார்கள். முதல் பகுதியிலேயே தம்பி உயிரோடு வந்து நிற்கிறான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போனபோது, "பெரியப்பா, அந்தத் தம்பி சாகேல்ல, வந்திட்டான்!" என்று படலையிலிருந்தே கத்தினேன். நல்ல செய்தி கொண்டுபோன பெருமை எனக்கு.

பெரியப்பா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா கையெழுத்து வைச்சது அவனுக்குத் தெரியுமோ?"

அன்று அடித்துவிட்ட கடதாசிக் கதை எனக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், "எந்தக் கையெழுத்து, பெரியப்பா?"