இரண்டு மணிக்கு வரும் பெயர்

அந்த வருடங்களில் எனக்கு மாலை ஷிஃப்ட். நாலரை மணிக்குக் கம்பெனி வேன் இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக வந்து நின்று ஹாரன் அடிக்கும். அதுவரைக்கும் பகல் என்னுடையது. மாடியில் ஒற்றை அறை வாடகை வீடு. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதற்கு அப்பால் லாரிகள். சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஃபேன் சத்தமும் சாலைச் சத்தமும் கலந்து கண்ணைச் சொருகும். முழுசாகத் தூங்கவும் மாட்டேன், முழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் காலம் முழுவதுமே அந்த அரைத்தூக்கத்துக்குள்தான் நடந்ததோ என்று தோன்றுகிறது.

அந்த அரைத்தூக்கத்தில் நான் பார்த்த வேலை, ஒரு தமிழ் இணைய மன்றத்துக்கு நிர்வாகியாக இருந்தது. யாராவது எதையாவது எழுதி ஒரு திரியைத் தொடங்குவார்கள். மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதிக்கொண்டே போவார்கள். இட்லிக்கு உளுந்து எவ்வளவு என்று ஆரம்பிக்கும், மூன்றாம் நாள் யார் வீட்டு மாமியார் மோசம் என்பதில் வந்து நிற்கும். சண்டை முற்றினால் திரியைப் பூட்டுவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ஆனால் பூட்டும்போது எனக்குள் ஒரு தாசில்தார் எழுந்து உட்காருவார். அந்தச் சுகத்துக்காகத்தான் பாதி நாள் அங்கே இருந்தேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'வருகைப் பதிவேடு' என்று ஒரு திரி. உள்ளே வருகிறவர் முதல் காரியமாக அதற்குள் போய் "உள்ளேன் ஐயா" என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து சொல்வோமே, அதேதான். துபாயிலிருந்து ஒருவர் எழுதுவார், கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஒருவர் எழுதுவார். கொஞ்ச நாளில் யோசிக்கவே வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி விரல் தானாக அடித்துவிடும்.

முகப்புப் பக்கத்தின் அடியில், அந்த நேரம் மன்றத்தில் இருப்பவர்களின் பெயர்கள் பச்சையாகத் தெரியும். பெயர் என்றால் அவரவர் வைத்துக்கொண்ட புனைபெயர். மதியத்தில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். யாரும் எதுவும் எழுதாத நேரம் அது. ஒரு பெயர் வரும், ஒரு பெயர் மறையும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. யார் என்று தெரியாத நான்கு பேர் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

அதில் ஒரு பெயர் தினமும் இரண்டு மணிக்கு வரும். அரை மணி நேரம் இருக்கும், பிறகு போய்விடும். எதுவும் எழுதாது. பதிவேட்டில்கூட எழுதாது. முன்பு நிறைய எழுதியவர்தான். சிட்லபாக்கத்துக்காரர். மழைக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியை எப்படிக் கழுவுவது, ஏரிக்கு இன்றைக்கு எந்தக் கொக்கு வந்தது, மின்சார ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கியதும் படிக்கட்டு எதிரில் இருக்கும், இப்படி. எல்லாவற்றையும் "வேறென்ன" என்று முடிப்பார். ஒரு நாள் நிறுத்திவிட்டார். பெயருக்குக் கீழே 'பதிவுகள்: 412' என்று இருந்தது, ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது. நான் ஒருமுறை அவருடைய தண்ணீர்த் தொட்டித் திரியைப் பூட்டியிருந்தேன். அந்தக் கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மென்பொருள் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. மன்றம் ஓடிக்கொண்டிருந்தது அவர்கள் இலவசமாகக் கொடுத்த மென்பொருளில். மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம் என்று ஆரம்பித்திருந்தார்கள். இந்த மாதிரி ஆரம்பித்தால் நமக்கு மகிழ்ச்சியாக ஒன்றும் இருக்காது என்று அப்போதே தெரியும். உரிமத்தை மாற்றிவிட்டார்களாம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் உறுப்பினர் இருந்தால் இலவசம் தொடரும், அதற்கு மேல் போனால் வருடாவருடம் கட்டணம். எல்லாம் எங்கள் நன்மைக்குத்தானாம். ஓசியில் கொடுத்துக் குடிவைத்துவிட்டு, சாமான் செட்டெல்லாம் சேர்ந்த பிறகு வாடகை கேட்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிட்டது ஜீரணமாகவில்லை.

மன்றத்தின் இன்னொரு நிர்வாகி சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். தொழில்நுட்பம் முழுக்க அவன் கை. சனிக்கிழமை தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் சந்தித்தோம். அவன் ஆத்திரமே படவில்லை.

"சிம்பிள் மச்சான்" என்றான். "வாயே திறக்காத ஆளுங்க பாதிக்கு மேல இருக்காங்க. ஒரு வருஷமா ஒரு பதிவுகூடப் போடாதவங்களைத் தூக்கிட்டா லிமிட்டுக்குள்ள வந்துடுவோம். நோட்டீஸ் கொடு, முடிஞ்சுது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து, பேசாத உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தனிமடல் அனுப்பினேன். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பதிவாவது எழுதவும், தவறினால் பெயர் நீக்கப்படும். உள்ளிருந்த தாசில்தார்தான் எழுதினார், ஒவ்வொரு வார்த்தையிலும் ரப்பர் ஸ்டாம்ப் மை.

மறுநாள் இரண்டு மணிக்கு அந்தப் பெயர் பச்சையாக வந்தது. ஐந்து நிமிடத்தில் எனக்கு ஒரு தனிமடல்.

"வணக்கம். நான் அவருடைய மனைவி. அவர் போன வருஷம் ஆவணியில் தவறிவிட்டார். இந்தப் பக்கத்தைத் திறந்தால் அவர் பெயரிலேயே திறக்கிறது. எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. தினமும் அவர் எழுதியதில் ஒன்றிரண்டு படிப்பேன். ஒரு பதிவு எழுதச் சொல்கிறீர்கள். நான் எழுதினால் 413 ஆகிவிடும். அவர் எழுதியது 412. வேறு வழி இருந்தால் சொல்லவும். பெயரை எடுத்துவிட வேண்டாம்." கீழே வீட்டு போன் நம்பர்.

தனிமடல் பதிவுக் கணக்கில் சேராது. அதைக்கூடத் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாக ஒருவர் என் மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெயரோடு தினமும் மதியம் உட்கார்ந்திருந்ததும் வேறு ஞாபகம் வந்தது.

அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சிட்லபாக்கம் போனேன். ஏரியைச் சுற்றித் தெருத்தெருவாக மெதுவாக ஓட்டினேன். வெயில் தணிந்திருந்தது. கொடியில் துணி, கேட்டில் பால் பை, மாடியில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம். யார் வீடு என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்றிருந்தது. ஏரியில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருந்தது. கொக்கு ஒன்று நின்றது. அவர் அதற்கு ஒரு பெயர் எழுதியிருந்தார், எனக்கு நினைவுக்கு வரவில்லை. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சிறுசேரிக்காரனுக்கு போன் செய்தேன். அந்தத் தனிமடலைப் படித்துக் காட்டி, ஆட்களைத் தூக்க வேண்டாம், மென்பொருளையே மாற்றிவிடலாம் என்றேன். அவன் பெருமூச்சு விட்டது கேட்டது.

"மச்சான், ஒரே ஒரு பேரை விட்டுட்டு மத்தவங்களைத் தூக்கலாமே. அதுக்காக மொத்தத்தையும் மாத்தணுமா?"

"இவர் ஒருத்தர் விஷயம் நமக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்தவங்க ஏன் பேசலைன்னு நமக்குத் தெரியுமா?"

"சரி, அடுத்த வாரம் ஊருக்குப் போகலை" என்றான். அவன் நல்லவன் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

பல பேர் சேர்ந்து எழுதி, யாரும் திரும்பப் பிடுங்க முடியாத உரிமத்தோடு விட்டிருந்த ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமை காலையில் மன்றத்தை மூடி, 'வீடு மாறுகிறோம், திங்கட்கிழமை வாருங்கள்' என்று பலகை மாட்டினோம். அவன் என் அறையிலேயே தங்கிவிட்டான். பழைய இடத்திலிருந்து பதிவுகள் புதிய இடத்துக்கு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன, திரையில் எண்கள் ஓடின. இடையில் கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்தியது, பாதியில் விட்டதை முதலிலிருந்து ஆரம்பித்தோம். எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தரையில் படுத்திருந்தேன். யார் யாரோ எழுதிய சண்டைகளும் சமையல் குறிப்புகளும் என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. ஞாயிறு சாயங்காலம் முடிந்தது. முதலில் போய்ப் பார்த்தது அந்தப் பெயரை. 412. நிம்மதியாக இருந்தது.

ஒன்றே ஒன்றைக் கொண்டுவர முடியவில்லை. கடவுச்சொற்கள். புதிய மென்பொருள் அவற்றை வேறு விதமாக வைத்துக்கொள்ளும். 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினால் ஒவ்வொருவர் மெயிலுக்கும் புதியது போகும் என்று அறிவிப்பு எழுதிவிட்டுப் படுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை மன்றம் கலகலவென்று இருந்தது. நிறம் பிடிக்கவில்லை என்று பத்துப் பேர், பிடித்திருக்கிறது என்று இரண்டு பேர். இரண்டு மணிக்கு அந்தப் பெயர் வரவில்லை. இரண்டேகாலுக்கும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கணவர் எப்போதோ உள்ளே நுழையும்போது 'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். அந்த ஒரு டிக்கை வைத்துத்தான் இந்த அம்மாள் இத்தனை நாள் உள்ளே வந்துகொண்டிருந்தார். வீடு மாறியதில் அது போய்விட்டது. மெயிலும் கணவருடைய ஆபீஸ் மெயில், அதை எப்போதோ மூடியிருப்பார்கள். அவருக்காகத்தான் இவ்வளவும் செய்தோம், கடைசியில் கதவை அடைத்ததும் அவருக்குத்தான்.

நானே போன் செய்தேன். முதல் தடவையாகக் குரலைக் கேட்டேன். மெல்லிய குரல், அவசரமே இல்லை.

"தினமும் 'வணக்கம்'னு போட்டு அவர் பேர் வரும் சார். இன்னிக்கு 'வணக்கம், விருந்தினரே'ன்னு வருது" என்றார்.

"பத்து நிமிஷம் குடுங்க மேடம். நான் புது பாஸ்வேர்டு போட்டு, வேலை செய்யுதான்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன்."

போட்டேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தப் பெயரில் உள்ளே நுழைந்தேன். பக்கத்தின் மேலே வணக்கம் சொல்லி அவர் பெயர் வந்தது. உள்ளே வந்தால் என்ன செய்வோமோ அதை என் விரல்கள் செய்தன. வருகைப் பதிவேட்டைத் திறந்து, உள்ளேன் ஐயா என்று அடித்து, அனுப்பியும் விட்டேன்.

திரையில் வந்த பிறகுதான் பார்த்தேன். அவர் பெயர், இன்றைய தேதி, உள்ளேன் ஐயா. பக்கத்தில் 'பதிவுகள்: 413'. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நிர்வாகியாக நுழைந்து அந்தப் பதிவைத் தேடி அழித்தேன். அழித்ததும் எண்ணிக்கை தானாகவே 412க்கு இறங்கியது. பழைய மென்பொருளாக இருந்தால் இறங்கியிருக்காது. புதியதை எழுதிய, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன். யாருக்கும் தெரியாது, தப்பித்தோம் என்று போனை எடுத்தேன்.

"மேடம், பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"இப்போ ஒண்ணு இருந்ததே சார்" என்றார்.

"எது மேடம்?" என்றேன்.

"வெளியிலேர்ந்து முகப்பைப் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். திடீர்னு புதுப் பதிவுன்னு அவர் பேர் மேல வந்துது. திறந்து பார்த்தேன், உள்ளேன் ஐயான்னு இருந்துது. போய்க் கண்ணாடி எடுத்துண்டு வந்து பார்த்தா காணோம்."

"நான்தான் மேடம்" என்றேன். "டெஸ்ட் பண்ணும்போது பழக்கதோஷத்துல கை அடிச்சுடுச்சு. ரொம்ப மன்னிச்சுக்கோங்க. உடனே அழிச்சுட்டேன். எண்ணிக்கை மாறலை, 412தான் இருக்கு."

"சரி சார்" என்றார். பிறகு, "எதுக்கு அழிச்சீங்க?" என்றார்.

"நீங்கதானே மேடம், ஒண்ணு கூடிடக் கூடாதுன்னு..."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுச் சத்தம், குக்கரோ குழாயோ. "மறுபடி போட்டுடறேன் மேடம். ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"வேண்டாம் சார். இப்போ போட்டா நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியும்."

பிறகு பாஸ்வேர்டைச் சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தின் அடியில் அந்தப் பெயர் பச்சையாக வந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.