பாதி வாய்

கண்ணாடிக் கடையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி வைத்த பெயர். ஒரு ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டு, வந்தவர் "கொஞ்சம் பெருசோ?" என்று யோசித்து முடிப்பதற்குள் இன்னும் நாலைக் கொண்டுவந்து மேசையில் பரப்பிவிடுவாள். அவளுக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. பதினெட்டு வருடத்தில் அதில் அவளுடைய கைப்பையைத் தவிர எதுவும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

முகத்தோடு முகம் வைத்துச் செய்கிற வேலை அது. காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், அவள் குனிந்தாலே ஆட்கள் நாசூக்காக முகத்தைத் திருப்ப ஆரம்பித்தார்கள். புதினா மிட்டாய் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. தேய்ப்பதால்தான் புண்ணாகிறது என்று முடிவுகட்டி, ரத்தம் வருகிற பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டாள். என்ன கெட்டிக்காரத்தனம்! வந்த நோய்க்குப் பாய் விரித்துத் தலையணையும் போட்டுக்கொடுத்தாள்.

வலது பக்கத்துக் கீழ் முன்பல் ஒன்று நாக்கு பட்டதும் அசைந்தது. அன்றைக்குத்தான் அம்மாவின் நினைப்பு வந்தது. அவள் அம்மாவுக்கு நாற்பத்தைந்துக்குள் ஒவ்வொன்றாக விழுந்து வாயே காலியாகிவிட்டிருந்தது. அதற்கப்புறம் அம்மா யாரோடும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்ததில்லை. சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். தனக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது.

பல் டாக்டர் அவளுக்கு நேர் எதிர். அவர் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கி, ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு பல்லாகச் சொன்னார். நர்ஸ் எழுதிக்கொண்டாள். "ஆறு. அஞ்சு. ஆறு. ஏழு."

"மூணு வரைக்கும் இருந்தா கவலையில்ல," என்றார். "உங்க ஈறு பல்லை விட்டு விலகிடுச்சும்மா. அந்தச் சந்துல அழுக்கு கல்லா இறுகிக் கிடக்கு. அடியில எலும்பு கரையுது. மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரைக்கும் சுரண்டி எடுக்கணும். இன்னிக்கு வலது பக்கம். இடது பக்கம் அடுத்த வாரம்."

"ரெண்டையும் இன்னிக்கே முடிச்சிருங்களேன் சார். ரெண்டு தடவை உட்கார எனக்குப் பொறுமை இல்ல."

"ஒரு தடவை உட்காருறீங்களான்னு முதல்ல பார்ப்போம்."

ஒரு மணி நேரம். கருவி இரைந்தது, தண்ணீர் பீச்சியது, குழாய் அதை உறிஞ்சியது. வாய்க்குள் யாரோ அடிப்பிடித்த பாத்திரம் விளக்குவது போலிருந்தது. வலி இல்லை; இருப்புக்கொள்ளவில்லை, அதுதான் தொல்லை. கால் தானாக ஆடியது. டாக்டர் மூன்று தடவை கருவியை வெளியே எடுத்துவிட்டு, அது நிற்கும்வரை காத்திருந்தார்.

ஒரு வாரத்தில் வலது பக்க ஈறு வற்றி, பல்லுக்குப் பல் சந்து தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. நாக்கு நாள் முழுக்க அந்தச் சந்துகளையே நோண்டிக்கொண்டிருந்தது. மாடி வீட்டில் இருக்கும் அக்காவிடம் ஓடினாள்.

அக்காவுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல? கிளீன் பண்ணினா பல்லு ஆடும்டீ. அந்தக் கல்லுதான் சிமென்ட் மாதிரி பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதைப் பேர்த்துட்டா பல்லு எப்படி நிக்கும்? பாக்கிப் பாதியாவது உருப்படியா இருக்கட்டும், போகாதே."

கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. இனி அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம்! ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெளியூரில் இருப்பதாகப் புளுகினாள். இரண்டாவது தடவை எடுக்கவே இல்லை.

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் ரொட்டியைக் கடிக்கும்போது இடது பக்கக் கடைவாய்ப்பல் சாய்ந்தது. சண்டை போடுகிற வேகத்தில் டாக்டரிடம் போய் நின்றாள்.

"நீங்க சுரண்டினதிலிருந்துதான் சார் எல்லாம்!"

"முதல்ல அளந்துருவோம்மா," என்றார் அவர். வலது பக்கம் கம்பி இறங்கியது. "மூணு. ரெண்டு. மூணு. மூணு." முன்பல்லை விரலால் அசைத்துப் பார்த்தார். அது கெட்டியாக நின்றது. சந்தையே நோண்டிக்கொண்டிருந்த நாக்கு அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு இடது பக்கம். "ஏழு. எட்டு. ஒன்பது."

ஆடிக்கொண்டிருந்த அவள் கால் நின்றுவிட்டது.

"இது நான் கை வைக்காத பக்கம்," என்றார். "வலது பக்கம் தெரியுற சந்தும் நான் உண்டாக்கினது இல்லம்மா. ஈறு வீக்கம் வடிஞ்சதும் ஏற்கெனவே இருந்தது வெளியே தெரிஞ்சுது."

"கடைவாய்ப்பல்லு?"

"எடுத்துரணும். அப்பவே வந்திருந்தா அனேகமா நின்னிருக்கும். மத்ததை எல்லாம் இப்பவும் காப்பாத்திரலாம்."

பல்லை எடுத்து, அந்த இடத்தில் பஞ்சை வைத்து அனுப்பினார்கள். வழியெல்லாம் அக்காவை மனதுக்குள் வறுத்து எடுத்தபடி வந்தாள். தன் மீதும்தான் ஆத்திரம். ஆனால் திட்டுவதற்கு அக்கா வசதி. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். கடித்த இடத்தின் வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு. அதைப் பார்க்காமலே அடுத்த கடிக்கு வாயைத் திறந்தாள்.

வரிசையாக அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அக்காவும் அதே அம்மா பெற்ற பெண்தானே! ஆப்பிளைப் பிடுங்கி அந்தக் கோட்டை அவள் கண்ணுக்கு நேரே காட்டினாள்.

"அட, அது ரெண்டு மூணு வருஷமா வர்றதுதான்டீ," என்று அக்கா சிரித்தாள். "வலியா ஒண்ணா? நீ சும்மா பதறாதே."

பம்பரம் பஞ்சை வெளியே எடுத்தாள். வெளிச்சம் பார்த்து நின்று, வாயை அகலத் திறந்து, அக்கா எழுந்து வந்து குனிந்து பார்க்கும்வரை அப்படியே அசையாமல் நின்றாள். அக்காவின் சிரிப்பு போய்விட்டது.

"இதுவும் ஒரு நாள்கூட வலிக்கலக்கா," என்றாள், மரத்துப்போன வாயால் குழறிக் குழறி.