பெற்றோர் தொழில்

அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஒரு பவுடர் டப்பாதான் கண்முன் வருகிறது. ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் ஐந்து பெண்களை வரிசையாக நிறுத்துவேன். ஆளுக்கு ஒரு சிட்டிகை பவுடர் கொடுத்து, "மூஞ்சியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தியா உள்ளே வாங்க" என்பேன். அறுபதுகளின் கடைசி அது. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை அறுத்துக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்கினேன். புகுமுக வகுப்பு முடித்த எங்கள் பக்கத்துப் பெண்களை மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்குத் தயார்ப்படுத்துவது, யாரும் சொல்லாமல் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

மார்க் வாங்குவதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தடுக்கி விழுந்ததெல்லாம் நேர்முகத் தேர்வில்தான். மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்ட நாலு பேரைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நானே அந்த நாலு பேரும் ஆனேன். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் அதட்டுவேன். எவளாவது வாய்தவறி 'இன்னா' என்று ஆரம்பித்துவிட்டால் தொலைந்தாள். வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு மறுபடி வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி பதினொரு முறை தட்டினாள். எவ்வளவு கொடுமைக்காரியாக இருந்திருக்கிறேன்!

அந்தப் பதினொரு முறைக்காரியைப் பற்றியும் அவளுடைய அம்மாவைப் பற்றியும்தான் சொல்ல வந்தேன். அம்மா காசிமேட்டிலிருந்து தலைக்கூடையில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவர். கடலுக்குப் போன கணவர் திரும்பி வராத நாளிலிருந்து அந்தக் கூடைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் கத்தோலிக்க வீடுகளில் கறி ஆகாது, அவருடைய மீன்தான். மகளோ பயங்கரக் கெட்டிக்காரி. மீனின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் மற்றவர்கள் மேலே பார்ப்பார்கள். இவள், "ரெண்டு, டீச்சர். நானே அறுத்துப் பாத்துகீறேன்" என்பாள். பதில் சரி, பேச்சு சரியில்லை என்று அவளை மறுபடியும் வெளியே அனுப்புவேன்.

விண்ணப்பங்களை நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து அழகு என்று எனக்கு ஒரு கர்வம். அவளுடைய விண்ணப்பத்தில் 'பெற்றோர் தொழில்' என்ற கட்டம் வந்ததும் என் பேனா நின்றது. சற்று யோசித்து 'பிசினஸ்' என்று எழுதினேன். "மீனுன்னு எழுதலியா டீச்சர்?" என்றாள். "மீன் விக்கிறதும் பிசினஸ்தானே? யாராவது கேட்டா கடைன்னு சொல்லு, போதும்" என்று அடக்கிவிட்டேன். அந்த யோசனை எனக்குப் புதிதல்ல. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கல்லூரியில் யாராவது விசாரித்தால், "ஹார்பர்ல வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் தாங்களாகவே அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தச் சாமர்த்தியத்தைத்தான் அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

நேர்முகத் தேர்வில் கேட்டுவிட்டார்கள். என்ன பிசினஸ்? கடை, சார். எத்தனை கடை? ரெண்டு. எங்கே? என்ன வருமானம்? பாவம், என் பேச்சைக் காப்பாற்ற ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் பாடத்தில் கேட்ட எதற்கும் அவளுக்கு வாய் வரவில்லை. ஐந்து பேரில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கினார். "இன்னா டீச்சரம்மா, எனக்கு ரெண்டு கட கீதாமே? எந்தத் தெருவுலன்னு சொல்லுங்க, நானும் ஒரு எட்டு போயி பாத்துக்கினு வரேன்" என்றார். முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் தலைகுனிந்ததும் குரல் மாறியது. "வெள்ளிக்கு வெள்ளி எம் மீனத்தானே துன்னுகினு கீறீங்க? அப்பல்லாம் நாறல, எழுதறப்பதான் நாறிச்சா?" உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் காதில் எல்லாம் விழுந்தது. அவர் பாதிச் சாப்பாட்டிலேயே தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

அவள் பி.எஸ்ஸி.யில் சேர்ந்து, மறுவருடம் மீண்டும் விண்ணப்பம் வாங்கினாள். எனக்குப் பயம். "போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் ஒண்ணுன்னு எழுதினா மாட்டிக்குவே. அப்படியே விட்டுடு" என்று கெஞ்சினேன். ஒருமுறை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். அவள் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, தலைக்கூடையில் மீன் விற்பவர் என்று ஆங்கிலத்தில் தானே எழுதினாள்.

அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். இன்று என் சர்க்கரை நோய்க்கு அவள்தான் வைத்தியம் பார்க்கிறாள். மாத்திரையை மறந்தால், அன்று நான் அவளை அதட்டியதைவிட நன்றாகவே என்னை அதட்டுகிறாள். ஆனால் என் மனதில் தங்கியது இடம் கிடைத்தது அல்ல, அந்த இரண்டாவது நேர்முகத் தேர்வு நடந்த அன்று காலை.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவள் அம்மாவும் நானும் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். அவருக்கு வெளுத்த சேலை, எண்ணெய் வைத்து முடிந்த கொண்டை. காரில் வந்து இறங்கும் பெற்றோர்களைப் பார்க்கப் பார்க்க, அன்று என் வாசலில் அப்படி முழங்கியவர் குறுகிப்போனார். "நான் வோணா அந்தாண்ட போயி நிக்கட்டா டீச்சரம்மா?" என்று மெல்லக் கேட்டார். "எங்கேயும் போகவேணாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அரைமணி கழித்து மகள் வந்தாள். போன வருட விண்ணப்பத்தையும் இந்த வருட விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது உண்மை என்று கேட்டார்களாம். "இதுதான் சார், எங்கம்மா கூடையில மீன் விக்கிறாங்க" என்றாளாம். மீனைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டார்களாம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம்.

"அப்ப மொதல்ல எழுதினது ஆருன்னு கேக்கலியா?" என்றார் அம்மா.

"கேட்டாங்க. நான்தான் எழுதினேன், பயந்துட்டேன் சார்னு சொல்லிட்டேன்."

இரண்டு தாளிலும் அந்தக் கட்டத்தில் இருந்தது ஒரே கையெழுத்து இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா டீச்சரம்மா, எனக்காவ அம்மாம் நெசம் சொல்லிட்டு, உங்களுக்காவ ஒரு பொய் சொல்லிட்டு வந்துகீறா."

அந்த மரத்தடியிலேயே, அத்தனை பேர் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன்.